டீச்சரைக் கேளுங்கள்: முட்டம் பாறைக்கு எவ்வளவு பணம் வேண்டும்?

போன மாதம் இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கன்னியாகுமரி வரைக்கும் வந்துவிட்டு, மேற்கே இருக்கிற முட்டம் என்ற கடற்கரை ஊரைப் பார்க்காமல் திரும்புகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது என்று. அதற்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் கொஞ்சநஞ்சமல்ல. பாதிப் பேர் கேட்டது, "டீச்சர், எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். 31 வருஷம் நாகர்கோவில் பக்கம் பூகோளம் நடத்தியவளிடம் அந்தப் பாறை எப்படி வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சரி, காசுக் கணக்கிலிருந்தே தொடங்குவோம். இடையில் பூகோளத்தை நுழைக்காமல் விடமாட்டேன்.

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். ஆளுக்கு ஒரு முதுகுப்பை, ஆளுக்கு 1,500 ரூபாய். பழைய சினிமாவில் வருகிற மாதிரி பாறையில் அலை மோதுகிற கடலைப் பார்க்க வேண்டும். எப்படிப் போவது, பணம் போதுமா?
(விழுப்புரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பணம் போதும் தம்பி. லீவு போதுமா என்று பாருங்கள்.

தாம்பரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு அந்தியோதயா என்று ஒரு ரயில் ஓடுகிறது. எல்லாப் பெட்டியும் முன்பதிவில்லாத பெட்டி. இரவில் கிளம்பி மறுநாள் நண்பகல் வாக்கில் நாகர்கோவில் வந்து சேரும். உங்கள் ஊருக்கு அது நடுநிசி தாண்டித்தான் வரும். வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் திருச்சி வரைக்கும் நின்றுகொண்டே வர மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். கிளம்புமுன் அன்றைய நேரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். போக வர டிக்கெட் 500 ரூபாய்க்குள் அடங்கும்.

நாகர்கோவிலில் இரண்டு பஸ் நிலையங்கள் உண்டு. வடசேரி வெளியூர் பஸ்ஸுக்கு, மீனாட்சிபுரத்தில் இருக்கும் அண்ணா பஸ் நிலையம் உள்ளூர் பஸ்ஸுக்கு. நீங்கள் போக வேண்டியது இரண்டாவது. ரயில் நிலையத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர் "முட்டத்துக்கே விட்டுடறேன்" என்று நல்ல மனசோடு கூப்பிடுவார். நல்ல மனசுக்கு நன்றி சொல்லிவிட்டு அண்ணா பஸ் நிலையத்துக்குப் போய் டவுன் பஸ் ஏறுங்கள். முட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பஸ் உங்களை ஊருக்குள் இறக்கிவிடும்; கடலுக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் அங்கிருந்து நடை. இறங்கும்போதே கண்டக்டரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு, நால்வரும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஒருத்தன் குறித்தால் போதும் என்று நினைத்த கோஷ்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தங்குவதை நாகர்கோவிலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முட்டத்தில் கடலைப் பார்த்த மாதிரி அறைகள் இருக்கின்றன, ஆனால் அவை உங்கள் பைக்கு ஏற்றவை அல்ல. வடசேரி பக்கத்து லாட்ஜுகளில் நாலு பேருக்கு ஒரு அறை, பாய் விரித்துக்கொள்கிறோம் என்று பேசினால் ஆளுக்கு 400 ரூபாயைத் தாண்டாது. கன்னியாகுமரியையும் பார்ப்பதாக இருந்தால் அங்கே விவேகானந்தபுரத்தில் விவேகானந்த கேந்திரத்தின் பொது அறைகளைக் கேட்டுப் பாருங்கள், சிக்கனக்காரர்களின் பழைய புகலிடம் அது. சாப்பாட்டுக்கு 500, உள்ளூர் பஸ்ஸுக்கு 60. மீதி இருப்பதில் நால்வரும் ஆளுக்கொரு போஞ்சி குடியுங்கள். பதறாதீர்கள், எலுமிச்சை ஜூஸுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

ஒரு எச்சரிக்கை. யாரிடம் வழி கேட்டாலும் "முட்டம், வெள்ளிச்சந்தை பக்கம்" என்று சொல்லுங்கள். சின்னமுட்டம் என்று இன்னொரு ஊர் இருக்கிறது. அதுவும் கடல்தான், அங்கும் மீன்பிடித் துறைமுகம் உண்டு, ஆனால் அது கன்னியாகுமரி ஊரை ஒட்டிக் கிழக்குப் பக்கம். நம் முட்டம் மேற்கே, அரபிக்கடல் பக்கம். இரண்டுக்கும் நடுவில் ரோட்டு வழியில் 30 கிலோமீட்டருக்கு மேல். என்னிடம் படித்த பெண் ஒருத்தி கல்யாணம் ஆன புதிதில் கணவரைக் கூட்டிக்கொண்டு சின்னமுட்டத்தில் போய் நின்றுகொண்டு, "டீச்சர், நீங்க சொன்ன செம்மண் மேட்டைக் காணோமே" என்று போன் செய்தாள். அவளுக்குப் பத்தாம் வகுப்பில் பூகோளத்தில் 82 மார்க் போட்டவள் நான்தான்.

கேள்வி: பாறைமேலேயோ மணலிலேயோ டென்ட் அடித்துப் படுத்தால் லாட்ஜ் செலவு மிச்சமாகுமே?
(ஓசூரிலிருந்து ஒருவர்)

கூடாது. பாறையில் டென்ட் ஆணி இறங்காது, மணலில் விடியுமுன் வள்ளம் இறக்க ஆட்கள் வருவார்கள், இரண்டு இடத்திலும் போலீஸ் எழுப்பிவிடும். இதற்கெல்லாம் முன்னால் கடலே எழுப்பிவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதற்கு அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: போன வருஷம் முட்டம் போயிருந்தோம். அரை மணி நேரம் அலை சாதுவாகத்தான் இருந்தது. காய்ந்த பாறை என்று நம்பி இறங்கிப் போட்டோ எடுத்தபோது திடீரென்று ஒரு அலை எழுந்து எங்கள் மூன்று பேரையும் அடித்துத் தள்ளியது. ஒரு போன், ஒரு மூக்குக் கண்ணாடி போனது. காற்றும் இல்லை, மழையும் இல்லை. இது எப்படி?
(திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்)

போனது போனும் கண்ணாடியும்தானே என்று நிம்மதிப்படுகிறேன். உங்கள் கேள்விக்குத்தான் இந்த மாதம் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

நாம் எல்லோரும் மெரினாவிலோ திருச்செந்தூரிலோ கடலைப் பழகியவர்கள். அங்கே மணல் சரிவாக இறங்குகிறது. அலை தூரத்திலேயே அடியில் தட்டி, உடைந்து, நுரைத்து, களைத்துப்போய்த்தான் நம் காலைத் தொடுகிறது. முட்டத்தில் பாறையை ஒட்டியே தண்ணீர் ஆழம். அலை வழியில் எங்கும் சக்தியைச் செலவழிக்காமல் நேராகப் பாறைக்கு வந்து மொத்தத்தையும் அங்கேயே இறக்குகிறது. நீங்கள் பார்க்க ஆசைப்பட்டு வந்த அந்த வெள்ளைத் தூண் எழும்புவது இதனால்தான். மூன்று பேரைத் தள்ளியதும் இதேதான்.

சரி, அரை மணி நேரம் ஏன் சாதுவாக இருந்தது? கடலில் அலைகள் ஒரே அளவில் வரிசையாக வருவதில்லை, கூட்டம் கூட்டமாக வருகின்றன. தூரத்துப் புயல்களில் பிறந்த அலைகளின் நீளமும் வேகமும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசப்படும். அவை ஒன்றோடொன்று சேருமிடத்தில் பெரிதாகும், ஒன்றையொன்று அடக்குமிடத்தில் சிறிதாகும். அதனால் வெகுநேரம் சின்ன அலைகளாகவே வந்துகொண்டிருக்கும். பிறகு நாலைந்து பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஏழாவது அலைதான் பெரிது என்று எண்ணிக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. கடலுக்கு அந்த வாய்ப்பாடு தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. கேரளத்திலும் எங்கள் கடற்கரையிலும் அதைக் கள்ளக்கடல் என்பார்கள், திருடன் மாதிரி சொல்லாமல் வருவதால். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயல் எழுப்பிய நீண்ட அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து ஏறும். இங்கே வானம் நீலமாக இருக்கும், காற்று அசையாது, கடல் மட்டும் பொங்கும். 2024 மே மாதம் ராஜாக்கமங்கலம் பக்கத்து லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் போனது இப்படி எச்சரிக்கை விடுத்திருந்த ஒரு நாளில்தான். அது மணல் கடற்கரை, அவர்கள் எல்லோரும் இளவயதுப் பிள்ளைகள். இந்த எச்சரிக்கையை ஐதராபாத்தில் இருக்கிற இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்கூட்டியே வெளியிடுகிறது, செய்திகளிலும் வரும். முட்டம் கிளம்புகிற அன்று காலையில் மழை வருமா என்று பார்க்கிற போனிலேயே இதையும் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம், செம்மண் மேட்டில் நின்று பாருங்கள். பைசா செலவில்லாமல் அதைவிடப் பெரிய காட்சி கிடைக்காது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1994 என்று நினைவு. தங்கையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அலை ஒன்றும் அடிக்கவில்லை, நானாகத்தான் விழுந்தேன். பாறையில் பச்சையாக ஒரு பட்டை இருந்தது, அதில் காலை வைத்தேன். பாசி. அடுத்த நொடி உட்கார்ந்த நிலையில் வழுக்கிக்கொண்டு போய்க் கீழே கொட்டலசு ஒட்டியிருந்த பகுதியில் முழங்காலுக்குக் கீழே உரசிக்கொண்டேன். கொட்டலசு என்றால் பாறையில் சின்னச் சின்ன எரிமலை மாதிரி ஒட்டியிருக்குமே, அதுதான். பிளேடு மாதிரி கீறும். ஆறு தையல். ஒற்றைச் செருப்பைக் கடல் எடுத்துக்கொண்டது. மிச்ச ஒற்றையைத் தங்கை வீடு வரைக்கும் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள், எதற்கு என்று இன்றுவரை தெரியாது. பஸ்ஸில் ஒரு மீன்காரம்மா என் காலைப் பார்த்துவிட்டு, "பாறை காய்ஞ்சிருக்கா நனைஞ்சிருக்கான்னு மட்டும் பாத்தா போதாது டீச்சரே, நெறத்தைப் பாக்கணும்" என்றார். நான் அதுவரை படித்த எந்தப் பாடப் புத்தகத்திலும் அந்த வரி இல்லை.

அவர் சொன்னதை விளக்குகிறேன். பாறையை மேலிருந்து கீழே பாருங்கள். மேலே வெளிறிய சாம்பலும் பழுப்பும் இருக்கும்; அங்கே கடல் சாதாரணமாக வருவதில்லை. கீழே இறங்க இறங்கக் கறுத்துப் பச்சையாகும், அதற்கும் கீழே கொட்டலசு. கறுப்பு தொடங்குகிற கோடுதான் உங்கள் எல்லை, அந்த நேரத்தில் அது காய்ந்திருந்தாலும் சரி. முட்டத்தில் ஓதத்தின், அதாவது கடல்மட்டத்தின், அன்றாட ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட வராது. அதனால் "இப்ப தண்ணி இறங்கியிருக்கு" என்று யாராவது தைரியம் சொன்னால் அதில் அர்த்தமில்லை. உங்களை நனைக்கப்போவது ஓதம் இல்லை, அலை. போனவுடன் கீழே இறங்காமல் மேலேயே உட்கார்ந்து, பெரிய கூட்டம் ஒன்று வந்து போகும்வரை பாருங்கள். காரில் வருகிறவர்களால் இது முடிவதில்லை. ஐந்தரை மணிக்கு வந்து, சூரியன் விழுந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். பஸ்ஸில் வருகிற உங்களுக்கு எப்படியும் அடுத்த பஸ் வரைக்கும் காத்திருக்கத்தான் வேண்டும், அந்த நேரத்தைக் கடலைப் பார்ப்பதில் செலவழியுங்கள்.

குளிக்கலாமா என்று கேட்காதீர்கள். யாராவது விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காதீர்கள். ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றும் பத்து மீட்டர் நைலான் கயிறும் பையில் இருக்கட்டும். காலி கேனை மூடிக் கயிற்றில் கட்டி வீசினால் மிதக்கும், பிடித்துக்கொள்ள உதவும். சத்தம் போட்டு ஊர்க்காரர்களைக் கூப்பிடுங்கள், 108-க்கு அடியுங்கள். அந்தக் கடலை அவர்களுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

கேள்வி: எனக்கு 27 வயது. தனியாகப் பை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது பழக்கம். முட்டத்துக்குத் தனியாகப் போகலாமா? கழிப்பறை வசதி எப்படி?
(கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி)

போகலாம் மக்களே. (பன்மை இல்லை. எங்கள் பக்கத்தில் வயதில் சின்னவர் ஒருத்தரையும் மக்களே என்றுதான் கூப்பிடுவோம்.)

காலையில் போய்விட்டு இருட்டுமுன் திரும்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் விழுவதைப் பார்க்காமல் வர மனசு வராதுதான். அப்படியென்றால் ஆள் நடமாட்டம் இருக்கிற கலங்கரை விளக்கச் சாலைப் பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டு உடனே நடையைக் கட்டுங்கள். ஆளில்லாத பாறை இடுக்குகளைத் தேடிப் போகாதீர்கள். ஆளுக்குப் பயந்து சொல்லவில்லை, வழுக்கி விழுந்தால் பார்க்க ஒருவர் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். 1994-இல் என்னோடு தங்கை இருந்தாள்.

கழிப்பறையைப் பற்றிக் கேட்டதற்கு உங்களுக்கு ஒரு சபாஷ். பயணக் கட்டுரை எழுதுகிற ஆண்கள் யாரும் இதை எழுதுவதில்லை. அண்ணா பஸ் நிலையத்தில் கட்டணக் கழிப்பறைக்குப் போய்விட்டுப் பஸ் ஏறுங்கள். முட்டத்தில் ஏதாவது ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்து, அங்கே இருக்கிற பெண்மணியிடம் தயங்காமல் கேளுங்கள். வீட்டோடு சேர்ந்த கடைகளில் இல்லை என்று சொன்னதாக என் அனுபவத்தில் இல்லை.

அப்புறம், 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நாகர்கோவிலிலும் அதேதான். பஸ்ஸின் முகப்பைப் பார்த்து ஏறினால் போதும். மேலே விழுப்புரம் தம்பிகளுக்குச் சொன்ன 60 ரூபாயும் உங்களுக்கு மிச்சம்.

முதுகுப்பையோடு பாறையில் ஏறாதீர்கள். பை பின்னால் இழுத்து நிலையைக் குலைத்துவிடும். பெரிய பையை லாட்ஜிலேயே விட்டுவிட்டு தண்ணீர், தொப்பி, பின்பட்டி வைத்த செருப்பு மட்டும் போதும். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். என் ஒற்றைச் செருப்பு ரப்பர் செருப்புத்தான்.

கேள்வி: கடற்கரை ஊரில் மீன் சாப்பாடு மலிவாகக் கிடைக்கும் என்று போனோம். ஒரு தட்டு வஞ்சிரத்துக்கு எங்கள் இரண்டு நாள் பட்ஜெட்டைக் கேட்டார்கள். எங்கே தப்பு செய்தோம்?
(சேலத்திலிருந்து மூன்று பேர்)

வஞ்சிரம் கேட்டதுதான் தப்பு. அதை எங்கள் ஊரில் நெய்மீன் என்போம், எங்களுக்கே அது விருந்தாளி வந்தால்தான். கையில் காசில்லாதவன் கேட்க வேண்டியது சாளை, நெத்திலி, அயிலை. தேங்காய் அரைத்த சாளைக் கறியும் வேகவைத்த மரச்சீனிக்கிழங்கும் ஒரு தட்டு சாப்பிட்டால் ராத்திரி வரைக்கும் பசிக்காது. நெத்திலியில் மாங்காய் போட்டு அவியல் வைப்பார்கள். அவியல் என்றதும் காய்கறி என்று நினைத்து வேண்டாம் என்றுவிடாதீர்கள்.

எந்த நாளில் போனீர்கள் என்று எழுதவில்லையே. ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இந்தக் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் கத்தோலிக்கக் குடும்பங்கள், ஞாயிறு கடலுக்குப் போவதில்லை, கோயிலுக்குத்தான். அன்றைக்குத் தட்டில் விழுவது முந்தின நாள் மீன். ஜூன், ஜூலை என்றாலும் சிக்கல்தான். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கரையும் உண்டு. அதனால் மே மாதம் சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது முட்டத்திலும் குளச்சலிலும் கடலுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். ஒரே மாவட்டத்துக்குள் இப்படி ஒரு விசித்திரம். தேர்வில் இதைக் கேட்க எனக்கு ரொம்ப ஆசை, விடவில்லை.

ஏலம் நடக்கிற இடத்தில் நின்று வேடிக்கை பாருங்கள், செலவில்லாத நாடகம். ஆனால் வழியில் நிற்காதீர்கள், அனுமதி கேட்காமல் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். அது அவர்கள் வேலை செய்கிற இடம். அங்கே யாராவது "பாறை வந்திருக்கு" என்று கத்தினால் திரும்பிக் கடலைப் பார்க்காதீர்கள், கூடையைப் பாருங்கள். பாறை என்று ஒரு மீனும் உண்டு.

பழத்துக்கு மட்டி வாழைப்பழம். விரல் நீளம்தான், வாசனை மட்டும் அறை முழுக்க நிற்கும். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பனை சீசனில் போனால் அக்கானி கிடைக்கும், அதாவது பதநீர். ரெஸ்டாரன்ட் காபியைவிட விலை குறைவு.

கேள்வி: இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஆகஸ்டில் போகலாமா?
(மதுரையிலிருந்து ஒரு அப்பா)

வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக அந்தக் கரையில்தான் மோதுகிறது. அக்டோபர், நவம்பரில் மழை. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. பிள்ளைகளுக்குப் பாறையைவிட மணல்தான் பிடிக்கும். சொத்தவிளை கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள், முட்டத்தை அவர்கள் காலேஜ் வந்ததும் தாங்களாகவே பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: முட்டத்திலிருந்து மணவாளக்குறிச்சி பக்கம் நடந்தபோது மணல் சில இடங்களில் கறுப்பாகவும் சில இடங்களில் செந்தூரம் மாதிரியும் இருந்தது. ஒரு பாட்டிலில் அள்ளி வந்திருக்கிறோம். இது என்ன? வீட்டில் வைக்கலாமா?
(தஞ்சாவூரிலிருந்து ஒரு தம்பதி)

கடைசியில் ஒரு பூகோளக் கேள்வி! உங்கள் இருவருக்கும் என் வீட்டில் ஒரு கருப்பட்டிக் காபி உண்டு.

நீங்கள் உட்கார்ந்து வந்த முட்டம் பாறை பூமிக்குள் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியது. 50 கோடி வருஷத்துக்கும் மேல் பழசு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியும் அந்த வகைப் பாறைதான். கிட்டப்போய்ப் பார்த்தால் மிளகு அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் தெரியும், கார்னெட் என்கிற கனிமம் அது. மழையிலும் வெயிலிலும் மலைப்பாறை உதிர, ஆறுகள் அந்த உதிரியைக் கடலுக்குக் கொண்டு வருகின்றன. அந்த வேலையைக் கடியப்பட்டணத்துக்குப் பக்கத்தில் கடலில் சேர்கிற வள்ளியாறும் செய்கிறது. கடலோ அலையாலும் நீரோட்டத்தாலும் புடைத்துச் சலிக்கிறது. முறத்தில் அரிசி புடைக்கிற அதே வேலைதான். லேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமான மணிகள் கரையில் தங்கிவிடும். சிவப்பு கார்னெட், கறுப்பு பெரும்பாலும் இல்மனைட் என்கிற இன்னொரு கனிமம். நான் பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய பெரிய காந்தத்தைத் துணியில் சுற்றிக் கறுப்பு மணலில் இழுத்துக் காட்டுவேன். ஒட்டிக்கொண்டு மீசை மாதிரி நிற்கும்.

அந்த மணலில் மோனசைட் என்கிற கனிமமும் கலந்திருக்கிறது, அதில் கதிரியக்கம் உள்ள தோரியம் உண்டு. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். கேரளத்திலிருந்து கப்பலேறிய தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் தேடி வந்தார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இப்போது அங்கே மத்திய அரசின் இந்திய அரிய மணல் ஆலை இயங்குகிறது. அதைச் சுற்றி ஊரில் நீண்ட காலமாக வாக்குவாதம் உண்டு, அதற்கு இந்தப் பக்கம் போதாது.

ஒரு நாள் நடந்துவிட்டு வந்ததால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பாட்டிலை அலமாரியில் வைத்து அழகு பார்க்க வேண்டாம், எடுத்ததும் சரியில்லை. மறுபடி இந்தப் பக்கம் வந்தால் எடுத்த இடத்தில் கொட்டிவிடுங்கள். வராமலா போய்விடுவீர்கள், காபி பாக்கி இருக்கிறதே.

செம்மண் மேடு வேறு கதை. அது தேரி மணல், மணிகள்மேல் இரும்புத் துரு பூசியதால் வந்த சிவப்பு. மழைநீர் அதை ஓடை ஓடையாக அறுத்து வைத்திருக்கிறது. விளிம்பில் நின்று செல்ஃபி எடுப்பவர்கள் காலடியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பக்கவாட்டில் போய்ப் பார்க்க வேண்டும். பல இடங்களில் ஒன்றுமே இருக்காது.

கேள்வி: முட்டத்தில் இரண்டாம் நாள் என்ன செய்வது? ஒரே பாறை, ஒரே அலை, போரடித்துவிட்டது.
(சென்னையிலிருந்து ஒருவர், பெயர் வேண்டாமாம்)

பெயர் போடாமல் விட்டது உங்களுக்கு நல்லது.

பஸ்ஸில் குளச்சல் போங்கள். வழியில் மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் வரும். குளச்சல் கடற்கரையில் ஒரு தூண் நிற்கிறது. 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததன் நினைவு. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படையையே நடத்தினார். அவருடைய கல்லறை தக்கலை பக்கம் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. குளச்சலில் 2004 சுனாமியில் போனவர்களுக்கு நினைவிடமும் உண்டு. அங்கே சத்தம் போட்டுப் பேசாதீர்கள். அப்படியே பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை பூட்டியிருக்கும், அன்று போய் வாசலில் நின்றுவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

கேள்வி: டீச்சர், நீங்கள் இன்னும் பாறையேறுகிறீர்களா?
(தூத்துக்குடியிலிருந்து ஒரு பழைய மாணவி)

இல்லை மக்களே. முழங்கால் ரிட்டயர் ஆகிவிட்டது. மாதம் ஒருமுறை பஸ்ஸில் போய், கலங்கரை விளக்கத்துக்குப் போகிற சாலையோரம் ஒரு திட்டில் உட்கார்ந்து, சாயாவும் ரசவடையும் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். போன வாரம் நான்கு பையன்கள் பச்சைப் பட்டைக்கு நேராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். "தம்பி, நெறத்தைப் பாரு" என்று கத்தினேன். ஒருத்தன் திரும்பிப் பார்த்து, தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான்.